விருந்தாளி போன மூன்றாம் வாரம் வரும் காய்ச்சல்

டெங்கு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்ததும் வீட்டார் முதலில் கேட்பது, “எங்க வீடு சுத்தமாத்தானே இருக்கு?” என்றுதான். செட்டிநாட்டில் இப்படிக் கேட்பவர்கள் யாரும் பொய் சொல்வதில்லை. தினமும் கூட்டிப் பெருக்கிய முகப்பு, முகம் தெரியும்படி துடைத்த ஆத்தங்குடிக் கல் தரை, மழைத்தண்ணீர் தேங்காமல் தெருவுக்கு ஓடிவிடும் முற்றம். வீட்டுக்குள் சாக்கடை வாடையே இருக்காது. ஆனால் டெங்கு வைரஸைச் சுமந்து திரியும் ஏடிஸ் எஜிப்தி கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. சாக்கடையில் பெருகுவது கியூலெக்ஸ். ராத்திரி காதோரம் ரீங்காரமிட்டுத் தூக்கத்தைக் கெடுப்பதும், யானைக்கால் நோயைப் பரப்புவதும் அதுதான். ஏடிஸுக்கு வேண்டியது அண்டாவிலும் தொட்டியிலும் மூடாமல் நிற்கிற தெளிந்த தண்ணீர். நல்ல தண்ணீர் என்று நாம் பார்த்துப் பார்த்துச் சேர்த்து வைக்கிறோமே, அதே தண்ணீர்.

செட்டிநாடு காய்ந்த பூமி. வருஷம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. ஊரணியையும் கிணற்றையும் ஐப்பசி, கார்த்திகை மழையையும் நம்பி உண்டான ஊர்கள் இவை. அதனால் தண்ணீரைப் பிடித்து வைக்கும் பழக்கம் வீட்டின் அமைப்பிலேயே ஊறியிருக்கிறது. நாலு பக்கத்து ஓட்டுச் சரிவிலிருந்தும் முற்றத்தில் இறங்கும் மழையை அண்டா வைத்துப் பிடிப்பார்கள். பின்கட்டில் கல்தொட்டி இருக்கும். குழாய் வந்த பிறகும் தினமும் தண்ணீர் வரும் என்ற நம்பிக்கை இல்லாததால் டிரம், சின்டெக்ஸ், பிளாஸ்டிக் குடம் என்று பாத்திரம் மாறியதே தவிர பழக்கம் மாறவில்லை. இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெரும்பாலான பெரிய வீடுகள் வருஷத்தில் பாதி நாளுக்கு மேல் பூட்டிக் கிடக்கின்றன. சொந்தக்காரர்கள் சென்னையிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். கல்யாணம், சாந்தி (அறுபதாம் கல்யாணம் போன்றவை), படைப்பு (முன்னோருக்குப் படையல்), கோயில் திருவிழா என்று வந்து, நாலைந்து நாள் வீட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போகிறார்கள். இந்தப் பகுதியில் டெங்கு எப்படி நடமாடுகிறது என்று தெரிந்துகொள்ள, குப்பையையும் சாக்கடையையும் விட இந்த இரண்டு பழக்கங்களைத்தான் கவனிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் வைரஸைப் பார்த்துவிடலாம். டெங்கு வைரஸின் குறுக்களவு சுமார் 50 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் 20,000 வைரஸை வரிசையாக அடுக்கலாம். உள்ளே ஒற்றை இழை ஆர்.என்.ஏ. அதில் எழுதியிருப்பது 10 புரதங்களுக்கான குறிப்பு மட்டுமே. மூன்று புரதங்கள் வைரஸின் உடம்பைக் கட்டுவதற்கு, மீதி ஏழும் நம் செல்லுக்குள் போய் வேலை வாங்குவதற்கு. தானாக அது எதையும் சாப்பிடாது, வளராது, பெருகாது. ரத்தத்தில் உள்ள சில வெள்ளை அணுக்களுக்குள் நுழைந்து, அவற்றின் கருவிகளை வைத்தே தன்னைப் பிரதி எடுத்துக்கொள்ளும். ஆன்டிபயாடிக் மாத்திரை இதன் மீது ஏன் வேலை செய்யாது என்பதற்கும் இதுதான் காரணம். அந்த மாத்திரைகள் பாக்டீரியாவின் சுவரையோ அதன் சொந்தக் கருவிகளையோ குறிவைப்பவை. வைரஸிடம் இரண்டும் இல்லை.

தானாகப் பெருகாது, செல்லுக்குள் நுழைந்துதான் பிரதி எடுக்கும் என்பது எல்லா வைரஸுக்கும் பொதுவானது. அதற்கு மேல் ஒவ்வொன்றும் எந்த வழியாக ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகிறது என்பதில்தான் வித்தியாசம். நாம் செய்ய வேண்டியதும் அதை வைத்தே மாறும். சின்னம்மை போட்ட வீட்டில் நிலைவாசலில் வேப்பிலை செருகுவார்கள். அதைப் பார்த்தவர்கள் உள்ளே வரமாட்டார்கள், அம்மை கண்டவர் தனி அறையில் இருப்பார். சின்னம்மை வைரஸ் மூச்சிலும் கொப்புள நீரிலும் பரவுவது. ஆகவே ஆளை ஆளிடமிருந்து பிரித்து வைப்பது சரியான காரியம். டெங்குவுக்கும் அதையே செய்கிறவர்கள் உண்டு. தனித் தட்டு, தனி டம்ளர், பேரப்பிள்ளைகளைக் கிட்டே விடுவதில்லை. இதில் பிரயோஜனம் இல்லை. டெங்கு வந்தவரின் தட்டில் சாப்பிட்டாலும் ஒட்டாது, பக்கத்தில் படுத்தாலும் ஒட்டாது. அவரைப் பிரிக்க வேண்டியது மனிதர்களிடமிருந்து அல்ல, கொசுவிடமிருந்து. காய்ச்சல் தொடங்குவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்து சுமார் ஐந்தாம் நாள் வரை அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அந்த நாட்களில் அவரைக் கடிக்கும் கொசுதான் அடுத்தவருக்குக் கொண்டு போகும். ஏடிஸ் பகலில் கடிப்பது என்பதால் பகலிலும் கொசுவலைக்குள் படுக்க வேண்டும். எத்தனை வீட்டில் பகலில் வலை கட்டுகிறார்கள்? சாயங்காலம் ஆறு மணிக்குக் கொசுவத்தி கொளுத்துவதோடு நம் முன்னெச்சரிக்கை முடிந்துவிடுகிறது. ஏடிஸ் அதிகம் கடிப்பது விடிந்து சில மணி நேரத்திலும் பொழுது சாய்வதற்கு முன்னாலும். நாம் வத்தி கொளுத்தும்போது அது தன் வேலையைப் பெரும்பாலும் முடித்திருக்கும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்களான நகரத்தார் வீடுகளில் திருக்கார்த்திகையிலிருந்து 21 நாள் எண்ணிப் பிள்ளையார் நோன்பு கொண்டாடுவது வழக்கம். 21 இழை நூல் திரியை மாவில் வைத்துச் சுடரோடு எடுத்துக்கொள்வார்கள். டெங்கு ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்ச்சேரும் காலமும் கிட்டத்தட்ட இதே அளவுதான். திருக்கார்த்திகையை ஒட்டி ஒரு விசேஷத்துக்காக ஒருவர் பினாங்கிலிருந்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது, அவருக்கே தெரியாது. பட்டாலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கும்போது கணுக்காலில் ஒரு கொசு கடிக்கிறது. கடித்த உடனே அந்தக் கொசுவால் அடுத்தவருக்கு நோயைக் கொடுக்க முடியாது. வைரஸ் அதன் குடலில் பெருகி, உடம்பு முழுக்கப் பரவி, உமிழ்நீர்ச் சுரப்பியை எட்ட வேண்டும். வெயிலைப் பொறுத்து இதற்கு 8 முதல் 12 நாள் ஆகும். அதற்குப் பிறகு அந்தக் கொசு சாகும் வரை கடிக்கும் ஒவ்வொருவருக்கும் வைரஸைக் கொடுக்கலாம். கடிபட்டவருக்குக் காய்ச்சல் வர மேலும் 4 முதல் 10 நாள். கூட்டினால் 12 முதல் 22 நாள்.

அதற்குள் விசேஷம் முடிந்திருக்கும். பந்தல் பிரித்தாகிவிட்டது, வந்தவர்கள் போய்விட்டார்கள், வீடு பூட்டியாயிற்று. காய்ச்சலில் விழுவது யார் என்றால், வீட்டைப் பார்த்துக்கொள்பவர், அவர் பிள்ளைகள், அடுத்த வீட்டில் தனியாக இருக்கும் ஆச்சி. ஏடிஸ் நெடுந்தூரம் பறக்கும் கொசு அல்ல. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீட்டருக்குள்ளேயே பெரும்பாலும் அதன் ஆயுள் முடிந்துவிடும். கடிபட்டவர் அந்த வளாகத்துக்காரராகத்தான் இருப்பார். மூன்று வாரத்துக்கு முன் வந்துபோன விருந்தாளியையும் இந்தக் காய்ச்சலையும் யாரும் முடிச்சுப் போட்டுப் பார்ப்பதில்லை. “வந்தவங்க யாருக்கும் காய்ச்சல் இல்லையே” என்ற பதிலும் வரும். அதுவும் உண்மையாக இருக்கலாம். 2013இல் வெளிவந்த ஒரு மதிப்பீட்டின்படி உலகில் ஆண்டுக்குச் சுமார் 39 கோடி டெங்குத் தொற்றுகள் ஏற்படுகின்றன. அதில் நோயாக வெளியே தெரிவது 9.6 கோடி. மற்றவர்கள் காய்ச்சல் இல்லாமலே நடமாடுகிறார்கள், அவர்களைக் கடிக்கும் கொசுவும் வைரஸை எடுத்துக்கொள்கிறது.

விருந்தாளியைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. பஸ்ஸிலும் ரயிலிலும் விமானத்திலும் மனிதர்கள் போகும் வரை வைரஸும் போகும். கொசு மட்டும் உள்ளூரில் இல்லாவிட்டால் அது வந்த இடத்தோடு நின்றுவிடும். ஏடிஸ் எஜிப்தியே நம் ஊர்க் கொசு அல்ல, ஆப்பிரிக்காவிலிருந்து கப்பல்களின் தண்ணீர்ப் பீப்பாய்களில் உலகம் சுற்றியது. டெங்கு போன்ற காய்ச்சல் 1780இலேயே சென்னையில் பரவியதாகப் பதிவு இருக்கிறது. வைரஸைப் பிரித்தெடுத்தது வெகு பின்னால், 1943இல், நாகசாகியில் ரென் கிமுராவும் சுசுமு ஹோட்டாவும். சிக்குன்குனியாவும் ஜிகாவும் இதே கொசுவில்தான் வருகின்றன. 2006இல் சிக்குன்குனியா திரும்பி வந்தபோது முழங்கால் வலியோடு மாதக்கணக்கில் படியேற முடியாமல் தவித்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருந்தார்கள்.

கொசுப்புழு ஒழிப்புப் பணியாளர்கள் வீடு வீடாக வருகிறார்களே, அவர்களோடு ஒரு தெரு நடந்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். பெரும்பாலும் அதே ஊர்ப் பெண்கள், கையில் டார்ச், தோளில் அபேட் மருந்துப் பை.

“ஆச்சி, உள்ள தொட்டி இருக்கா? பார்த்துட்டுப் போயிடுறேன்.”

“இருக்குத்தா. ஆனா அது குடிதண்ணி, நேத்துத்தான் குழாயில வந்துச்சு. அதுல எங்குட்டுக் கொசு வரும்?”

மூடியை நகர்த்தி டார்ச்சைச் சாய்வாக அடிக்கிறார். முதலில் ஒன்றும் தெரிவதில்லை, தெளிந்த தண்ணீர். ஒரு விநாடி கழித்துப் பார்த்தால், மேல்மட்டத்தில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த பழுப்பு நூல் போன்ற புழுக்கள் வெளிச்சம் பட்டதும் நெளிந்து நெளிந்து அடிக்கு இறங்குகின்றன. கொஞ்சம் பொறுத்தால் மூச்சுவிட ஒவ்வொன்றாக மேலே வரும், வால் நுனியில் இருக்கும் குழாயைத் தண்ணீர்ப் பரப்பில் நீட்டிக்கொண்டு. நேற்று வந்தது மேல்தண்ணீர். அடித்தண்ணீர் எப்போதையது என்று ஆச்சிக்கும் தெரியாது. காலியாவதற்குள் மறுபடி நிரப்பிவிடுவதால் அந்தத் தொட்டி முழுசாக வற்றியதே இல்லை.

ஏடிஸின் முட்டைதான் இதில் பெரிய வில்லங்கம். தாய்க்கொசு ஒரு தடவைக்குச் சுமார் 100 முட்டை இடும், தண்ணீரில் அல்ல, தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே பாத்திரத்தின் ஈரச் சுவரில். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் போடாமல் இந்த டிரம்மில் கொஞ்சம், அந்த உரலில் கொஞ்சம் என்று பிரித்துப் போடும். கரிய புள்ளி மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த முட்டைகள் தண்ணீர் வற்றினாலும் சாவதில்லை. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, மறுபடி தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும் கல்தொட்டியைப் பார்த்து, இதில் ஒன்றும் இருக்காது என்று நினைக்கிறோம். ஐப்பசியில் முதல் மழை விழுந்த ஒரு வாரம் பத்து நாளில் அதிலிருந்து கொசு கிளம்பும். ஆகவே தண்ணீரைக் கொட்டிக் கவிழ்த்தால் மட்டும் போதாது. தேங்காய் நாரோ பிரஷோ வைத்து உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும், வாரத்துக்கு ஒருமுறை. முட்டை கொசுவாக ஒரு வாரம் ஆகும் என்பதால்தான் அந்த வாரக் கணக்கு.

ஊரணியைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்கு பயத்தில் ஊரணியைச் சந்தேகத்தோடு பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். திறந்த, பெரிய நீர்நிலை ஏடிஸுக்குப் பிடித்த இடம் அல்ல, அங்கே மீனும் தவளைக் குஞ்சும் தட்டான் பூச்சியின் குஞ்சும் புழுவைத் தின்றுவிடும். அதற்கு வேண்டியது சின்னதாக, நிழலாக, எதிரி இல்லாத பாத்திரம். முற்றத்து மூலையில் கிடக்கும் ஆட்டுரல், மொட்டைமாடியில் வைத்து மறந்த பெயின்ட் டப்பா, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பழைய டயர், கொட்டாங்கச்சி. ஊரணியைத் தூர்த்து பஸ் ஸ்டாண்ட் கட்டினால் டெங்கு குறையாது, குடத்தில் தண்ணீர் சேர்ப்பது கூடும், அவ்வளவுதான்.

பூட்டிய வீட்டுக்குள் மனிதர் இல்லையே, கொசு யாரைக் கடித்து வாழும் என்று கேட்கலாம். பெருகுவதற்கு வீட்டுக்குள் தண்ணீர் போதும், கடிப்பதற்கு அடுத்த வீடு போதும். முற்றம் வானத்தைப் பார்த்துத் திறந்திருப்பதால் பூட்டு கொசுவுக்குத் தடை இல்லை. வளவைச் சுற்றியுள்ள இருட்டறைகள், கதவிடுக்குகள், மடித்து வைத்த ஜமக்காளம், கொடியில் தொங்கும் பழந்துணி எல்லாம் பகலில் ஏடிஸ் ஓய்வெடுக்கத் தோதான இடங்கள். வெளியூர்க்காரர்கள் கடைசியாகக் கட்டிய மேலைநாட்டுக் கழிப்பறைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிளஷ் டாங்க்கிலும் கோப்பையிலும் தண்ணீர் நிற்கும், மாதக்கணக்கில் யாரும் தொடமாட்டார்கள். தெருவில் புகை மருந்து அடித்துக்கொண்டு வண்டி போகும்போது மக்களுக்கு ஒரு திருப்தி. அந்தப் புகை அந்த நேரத்தில் வெளியே பறக்கும் கொசுவைக் கொல்லும். மூன்றாங்கட்டு அறைக்குள் உட்கார்ந்திருக்கும் கொசுவையும் தொட்டிச் சுவரில் ஒட்டியிருக்கும் முட்டையையும் அது தொடாது.

சரி, காய்ச்சல் வந்துவிட்டது. டெங்குவில் பலரும் ஏமாறுவது காய்ச்சல் விடும் நாளில். தொடக்கத்தில் இரண்டிலிருந்து ஏழு நாள் வரை கடுமையான காய்ச்சல், கண்ணுக்குப் பின்னால் வலி, இடுப்பும் மூட்டும் முறித்துப் போட்டது போல. பிறகு காய்ச்சல் இறங்கும். ஆள் எழுந்து உட்காருவார், வீட்டார் தலைக்கு ஊற்றிவிடலாமா என்று யோசிப்பார்கள். ஆபத்தான 24 முதல் 48 மணி நேரம் தொடங்குவது அப்போதுதான். நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர் கசியத் தொடங்கி, ரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றுக்குள்ளும் நுரையீரலைச் சுற்றியும் இறங்குகிறது. ரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் இறங்குகிறது. விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், கறுத்த மலம், கைகால் சில்லிடுவது, காரணமில்லாத தூக்கம் அல்லது பதற்றம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாமல் இருப்பது. இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும், காய்ச்சல் இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. சரியான நேரத்தில் கவனித்தால் நூற்றில் ஒருவர்கூட இறக்க வேண்டியதில்லை. தனியாக இருக்கும் வயதானவர்களுக்கு இந்த அறிகுறியைப் பார்த்துச் சொல்ல ஆள் இல்லை என்பதுதான் இந்தப் பகுதியில் எனக்குள்ள பெரிய கவலை. சர்க்கரையும் பிரஷரும் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

வெளியூரிலிருந்து போன் செய்யும் பிள்ளைகள் கேட்கும் ஒரே கேள்வி, “பிளேட்லெட் எவ்வளவு?” சாதாரணமாக ஒன்றரை லட்சத்திலிருந்து நாலரை லட்சம் வரை இருப்பது டெங்குவில் மளமளவென்று இறங்கும், உண்மைதான். ஆனால் உயிரை எடுப்பது பெரும்பாலும் அந்த எண்ணிக்கை அல்ல, கசிவு. அதைக் காட்டும் எண் அதே ரிப்போர்ட்டில் வேறு வரியில் இருக்கிறது: ஹீமட்டோகிரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்ற கணக்கு; சில லேப்களில் பிசிவி என்று போடுவார்கள். அது 40இலிருந்து 48க்கு ஏறினால், அதாவது 20 சதவீதம் கூடினால், ரத்தம் கெட்டிப்படுகிறது என்று அர்த்தம். பிளேட்லெட் ஏற்றச் சொல்லி டாக்டரை நெருக்குவதும் வழக்கமாகிவிட்டது. சிங்கப்பூர், மலேசிய மருத்துவமனைகளில் 372 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2017இல் வெளிவந்தது. எண்ணிக்கை 20,000க்குக் கீழே இறங்கியும் பெரிதாக ரத்தப்போக்கு இல்லாதவர்களுக்கு முன்கூட்டியே பிளேட்லெட் ஏற்றியதில் ரத்தப்போக்கு குறையவில்லை, பக்கவிளைவுகள்தான் கூடின. வேண்டியது அளவறிந்து கொடுக்கும் திரவம். குடிக்க முடிந்தவருக்கு ஓ.ஆர்.எஸ்., கஞ்சி, இளநீர், மோர். முடியாதவருக்கு டிரிப்ஸ், அதுவும் மணிக்கு மணி பார்த்து. கசிந்த நீர் இரண்டு நாளில் திரும்ப ரத்தத்துக்குள் வரும்போது டிரிப்ஸும் ஓடிக்கொண்டிருந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

இன்னொன்று, ஊசி. “ஒரு ஊசி போட்டு விடுங்க டாக்டர், நாளைக்கு எந்திரிச்சிடுவேன்” என்று கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். டெங்குவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது இடுப்பில் போடும் ஊசி வேண்டாம், போட்ட இடத்தில் ரத்தம் கட்டும். டைக்ளோபினாக், ஐபுபுரூபன், ஆஸ்பிரின் மூன்றும் ரத்தப்போக்கைத் தூண்டக்கூடியவை. காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டும், அதுவும் டாக்டர் சொன்ன அளவில். இதயத்துக்காகத் தினமும் ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லிவிட வேண்டும். பரிசோதனையிலும் நாள் கணக்கு உண்டு. முதல் ஐந்து நாளுக்குள் வைரஸின் புரதத்தைத் தேடும் என்எஸ்1, அதற்குப் பிறகு உடம்பு உண்டாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடும் ஐஜிஎம். ஏழாம் நாள் என்எஸ்1 எடுத்து ‘இல்லை’ என்று வந்தால் டெங்கு இல்லை என்று ஆகிவிடாது.

நிலவேம்புக் குடிநீரைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டார்கள். நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், சுக்கு, மிளகு, கோரைக்கிழங்கு, பற்படாகம், பேய்ப்புடல் சேர்ந்த சித்த மருந்து. அரசே முகாம் போட்டுக் கொடுத்தது. குடிப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, குடித்துவிட்டேன் என்று தொட்டியைக் கழுவாமல் விடுவதில்தான். பப்பாளி இலைச் சாறு பிளேட்லெட்டைக் கொஞ்சம் கூட்டுவதாகச் சிறு ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் மேலே சொன்ன கசிவை அது தடுக்கும் என்று காட்டியவர் இல்லை. வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கு அந்தக் கசப்பை வற்புறுத்திப் புகட்டுவது நல்லதும் அல்ல.

ஒருமுறை வந்தால் மறுபடி வராது என்பது சின்னம்மைக்குப் பெரும்பாலும் பொருந்தும். டெங்குவில் கணக்கு வேறு. அதில் நாலு வகை இருக்கிறது. ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்கு மட்டும் ஆயுள் முழுக்கப் பாதுகாப்பு, மற்ற மூன்றுக்கும் சில மாதங்கள்தான். இரண்டாம் முறை வேறு வகை வரும்போதுதான் நோய் முற்றும் ஆபத்து அதிகம். முதல் தொற்றில் உண்டான எதிர்ப்புப் பொருள் புதிய வகையை முழுசாக முடக்காமல் அரைகுறையாகப் பிடித்துக்கொள்கிறது. தெரிந்த முகம் என்று நினைத்துப் புது ஆளை வீட்டுக்குள் அழைத்துப் போகும் காவல்காரரைப் போல, அந்த வைரஸை அது நேராகச் செல்லுக்குள்ளேயே கொண்டுபோய் விடுகிறது. கியூபாவில் 1977இல் முதல் வகை பரவியபோது பெரிய சேதம் இல்லை. 1981இல் இரண்டாம் வகை வந்தபோது 158 பேர் இறந்தார்கள், அதில் 101 பேர் குழந்தைகள். நம் பக்கத்துக்கு இது ஏன் முக்கியம் என்றால், சென்னையிலிருந்து ஒரு வகையும் கோலாலம்பூரிலிருந்து இன்னொரு வகையும் ஒரே தெருவுக்கு வந்து சேரலாம். வெளியுலகத் தொடர்பு இவ்வளவு உள்ள சின்ன ஊர்கள் அதிகம் இல்லை.

தடுப்பூசி தாமதமாவதற்கும் இந்த நாலு வகைதான் காரணம். நாலையும் ஒரே சமயத்தில் சமமாகத் தடுக்காத தடுப்பூசி, முதல் தொற்றைப் போல நடந்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது. பிலிப்பைன்ஸில் 2016இல் தொடங்கி எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு டெங்வாக்சியா போட்டார்கள். ஏற்கெனவே டெங்கு வராதவர்களுக்கு அது பிற்பாடு நோயைக் கடுமையாக்கலாம் என்று 2017 நவம்பரில் தயாரித்த நிறுவனமே அறிவித்தது, திட்டம் நின்றது. இந்தியாவில் மத்திய அரசின் மருத்துவ ஆராய்ச்சி அமைப்பான ஐ.சி.எம்.ஆரும் பனேசியா பயோடெக் நிறுவனமும் சேர்ந்து ஒரே தவணைத் தடுப்பூசியின் மூன்றாம் கட்டச் சோதனையை 2024இல் 10,000க்கு மேற்பட்ட தன்னார்வலர்களோடு தொடங்கின. புதுச்சேரியில் உள்ள ஐ.சி.எம்.ஆர். கொசு ஆராய்ச்சி மையம், வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏடிஸுக்குள் செலுத்தி, டெங்கு வைரஸ் வளர விடாத கொசுக்களை உருவாக்கியிருப்பதாக 2022இல் சொன்னது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் அப்படிப்பட்ட கொசுக்களை விட்ட பகுதிகளில் டெங்கு 77 சதவீதம் குறைந்தது. இவை எல்லாம் நம் தெருவுக்கு வரும்போது வரட்டும்.

அதுவரை கையில் இருப்பது பழைய சட்டமும் பழைய வேலையும்தான். 1939ஆம் ஆண்டின் பொது சுகாதாரச் சட்டத்திலேயே கொசு பெருக இடம் கொடுப்பதைத் தடுக்கத் தனிப் பகுதி இருக்கிறது. அபராதம் போடுவதும் நடக்கிறது. ஆனால் பூட்டிய வீட்டின் முன்னால் பணியாளர் என்ன செய்வார்? கதவில் தேதி எழுதிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போவார். ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் சொந்தம் கொண்டாடுவது இங்கே சாதாரணம். சாவி ஒருவரிடம், சம்மதம் இன்னொருவரிடம், செலவு யாருடையது என்பதில் வழக்கு. நோட்டீஸ் யார் பெயருக்கு அனுப்புவது என்பதே முதல் சிக்கல்.

வீட்டைப் பூட்டும் முன் செய்ய வேண்டியது அரை நாள் வேலை. அண்டா, கிடாரம், டிரம் எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்ப்பது. கல்தொட்டியைத் துடைத்து, தூக்க முடியாவிட்டால் மணல் நிரப்பிவிடுவது. ஆட்டுரலையும் உரலையும் சாக்குப் போட்டு இறுக்கிக் கட்டுவது. கழிப்பறைக் கோப்பையின் மூடியைச் சாத்தி பிளாஸ்டிக் தாள் ஒட்டுவது. பிளஷ் டாங்க்கைக் காலி செய்வது. மேல்தொட்டியின் காற்றுக் குழாய்க்கு வலை கட்டுவது. கிணறு இருந்தால் வலை போடுவது அல்லது கம்பூசியா மீன் விடுவது. முற்றத்துத் தூம்பில் சருகு அடைக்காமல் பார்ப்பது. மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை யாராவது உள்ளே போய்ப் பார்க்கவும் வேண்டும். அதற்குத்தான் சாவி உள்ளூரில் இருக்க வேண்டும். கோயிலுக்குப் புள்ளி (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) கணக்குப் பார்த்து வரி வாங்கும் ஒழுங்கு நகரத்தாரிடம் எப்போதிருந்தோ இருக்கிறது. எந்த வீட்டில் எத்தனை புள்ளி, யார் எந்த ஊரில் இருக்கிறார்கள் என்ற விவரம் ஒவ்வோர் ஊரிலும் நோட்டில் உண்டு. அதே நோட்டில் சாவி யாரிடம் என்று ஒரு பத்தி சேர்த்து, வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு, ஐப்பசியிலிருந்து தை வரை இரண்டு ஆட்களை வைத்துத் தெருத் தெருவாகத் திறந்து பார்க்கச் சொன்னால் போதும். சுகாதாரத் துறைப் பணியாளருக்கும் யாரைக் கூப்பிட்டுக் கதவைத் திறப்பது என்று தெரிந்துவிடும்.